மூன்று தடவை அழுத்திய பொத்தான்

போன மாதம் இரண்டு பேர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் எலெக்ட்ரோனிக்ஸ் படிப்பிக்கும் இளம் விரிவுரையாளர்கள். கல்லூரி மலருக்குக் கட்டுரை வேண்டுமாம். "கண்டியில இருந்துக்கிட்டே பேஜருக்கு சர்க்கிட் டிசைன் பண்ணினவர் நீங்க தான் சேர். அந்தக் காலத்துப் பெருமையான அனுபவம் ஏதாவது எழுதித் தாங்க" என்றார்கள். இருவருமே பேஜரைக் கண்ணால் கண்டதில்லை. தேத்தண்ணீர் கொடுத்து, எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பெருமையாக ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். படித்தபோது எனக்கே குமட்டியது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

பேஜர் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன வானொலி வாங்கி அது. பேசாது, பேச விடவும் விடாது. கட்டடத்தின் உச்சியில் ஓர் அலைபரப்பி இருக்கும். கீழே டெலிபோன் ஒபரேட்டரின் மேசையில் வரிசையாகப் பொத்தான்கள். ஐந்தாம் பொத்தானை அழுத்தினால் ஐந்தாம் இலக்கப் பேஜர் எங்கே இருந்தாலும் 'பீப் பீப்' என்று கத்தும். வைத்திருப்பவர் உடனே பக்கத்திலுள்ள டெலிபோனுக்கோ வார்டுக்கோ ஓட வேண்டும். கையில் டெலிபோனோடு யாரும் திரியாத காலத்தில் டொக்டர்மாருக்கும் ஹோட்டல் மனேஜர்மாருக்கும் அது பெரிய விஷயம்.

என் அப்பா மாநகர சபையில் கிளார்க். என்னையும் ஒரு கதிரையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. நான் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் அடிவாங்கி, பிறகு பூட்டப் பழகி, தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய், ஏழெட்டு வருடம் ரேடியோ, கெசட் திருத்தி வயிறு வளர்த்தேன். அந்தக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கைக்குப் பழக்கம் வந்தது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ரேடியோ இறக்குமதி செய்துகொண்டிருந்த ஒரு முதலாளி பேஜரை இங்கேயே செய்து விற்கலாம் என்று யோசித்து, பேராதனை வீதியில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்தார். நாங்கள் மொத்தம் ஆறு பேர். நான் சர்க்கிட் வரைபவன். எனக்கு மேலே நவரத்தினம் சேர்.

அவர் யாழ்ப்பாணத்து மனிதர். அரசாங்கத்தில் முப்பது வருடம் அலைபரப்பிகளோடு மாரடித்து ஓய்வு பெற்று வந்தவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, கையில் எப்போதும் சீவிய பென்சில். டிசைன் கொப்பியில் யாராவது பேனாவால் எழுதிவிட்டால் அந்தப் பக்கத்தை எங்கள் கண் முன்னாலேயே கிழிப்பார். "பென்சிலாலை எழுதினால் பிழையை அழிக்கலாம். பேனாவாலை எழுதினால் பிழையை மறைக்கத்தான் வேணும், விளங்குதோ?" என்பார். ஈயம் பற்றவைத்த ஒவ்வொரு புள்ளியையும் பூதக்கண்ணாடியால் பார்ப்பார். மங்கலாக ஒன்று இருந்தால் போதும், பலகை முழுவதும் திரும்பி வரும். எங்களுக்கு அவர் மேல் எரிச்சல்தான். ஆனாலும் எனக்குத் தெரிந்த ஒழுங்கெல்லாம் அவரிடம் பெற்றது. அதை மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும்.

சோதனை என்று வந்தால் அவருக்கு ஒரு முறை உண்டு. பேஜரை எடுத்து முதலில் பெட்டரியைக் கழற்றுவார். பென்சில் ரப்பரால் பெட்டரியின் இரு முனையையும் தேய்ப்பார். உள்ளே இருக்கும் கம்பிக் காலையும் தேய்ப்பார். ஊதுவார். திரும்பப் போடுவார். போட்டதும் பேஜர் 'பீப்' என்று ஒரு தடவை குரல் கொடுக்கும். "சரி, உயிர் இருக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் சோதனை. அவர் சொல்லி நாங்கள் எல்லோரும் அப்படியே செய்தோம். பெட்டரியைத் துடைக்காமல் எந்தப் பேஜரையும் சோதித்ததாக எனக்கு நினைவில்லை. அப்போது அது நல்ல பழக்கமாகத்தான் பட்டது.

அலை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கவும் அவரிடம் ஒரு முறை இருந்தது. பேஜரோடு ஒருவன் பஸ் ஏற வேண்டும். பட்டறையில் இருப்பவர்கள் கால் மணிக்கு ஒரு தடவை பொத்தானை அழுத்துவார்கள். எங்கே பீப் நிற்கிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். ஒரு நாள் கடுகண்ணாவை வரை போய்விட்டேன். ஏற்றம் முடிகிற இடத்தில் இறங்கி நின்று, சட்டைப் பையிலிருந்து பேஜரை எடுத்து நேரம் பார்த்தேன். செக்பொயின்ட்டில் நின்ற சிப்பாய் கூப்பிட்டான். ஐடென்டிட்டி கார்டைப் பார்த்தான், பெயரைப் பார்த்தான், கையில் இருந்ததைப் பிடுங்கி "மே மொகத்த?" என்றான். இது என்ன என்று நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லத் தொடங்கும்போதே கால் மணி ஆகிவிட்டது. அவன் கையிலேயே பேஜர் கத்தியது. அவன் அதைப் புல்லுக்குள் வீசிவிட்டுக் குப்புற விழுந்தான். மற்ற இருவரும் துவக்கை என் பக்கம் திருப்பினார்கள்.

நாலு மணித்தியாலம் ஒரு வாங்குப் பலகையில் உட்கார வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவராக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முதலாளியின் கடிதத்தோடு நவரத்தினம் சேர் வந்து சேர்ந்தபோது அவரையும் என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அரசாங்கத்துக்கு முப்பது வருடம் உழைத்த மனிதர், அந்த வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

இனி சர்க்கிட் விஷயத்துக்கு வருகிறேன். முடிந்தவரை எளிதாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது விளங்காவிட்டால் மற்றது ஒன்றும் விளங்காது.

பேஜர் எந்நேரமும் விழித்திருந்தால் பெட்டரி இரண்டு நாளில் தீர்ந்துவிடும். ஆகவே அதைத் தூங்கித் தூங்கி விழிக்கும்படி வரைவோம். ஒரு விநாடி தூங்கும், கணப் பொழுது விழித்து ஏதாவது அழைப்பு வருகிறதா என்று பார்க்கும், மறுபடி தூங்கும். அலைபரப்பி தன் பங்குக்கு, குறியீட்டை அனுப்புவதற்கு முன் இரண்டு விநாடி நேரம் 'எழும்பு, எழும்பு' என்று ஓர் ஒலியை அனுப்பும். பேஜரின் தூக்கம் அந்த இரண்டு விநாடியைத் தாண்டாத வரை எந்த அழைப்பும் தவறாது. தாண்டினால் பேஜர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்து போய்விடும்.

வாங்கியவர்கள் எல்லோரும் பெட்டரி சீக்கிரம் முடிகிறது என்று குறை சொன்னார்கள். முதலாளி நவரத்தினம் சேரைப் பிடித்தார், அவர் என்னைப் பிடித்தார். தூக்கத்தை ஒரு விநாடியிலிருந்து ஒன்றே முக்கால் விநாடிக்கு நீட்டினேன். அதற்கு ஒரே ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் போதும். கால் விநாடி இடைவெளி மிச்சம் இருக்கிறதே என்று நினைத்தேன். மேசையில் வைத்து அளந்தேன். ஒன்றே முக்கால், ஒன்றே முக்கால், ஒன்றே முக்கால். அசையவில்லை. சேர் பார்த்துக் கையெழுத்து வைத்தார். பெட்டரி ஒரு மாதம் நின்றது. முதலாளி எங்களுக்கு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

நான் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்திருந்தேன். பெட்டரி போட்டதும் முதல் பத்து நிமிடம் பேஜர் தூங்கவே கூடாது என்று சர்க்கிட்டை வரைந்திருந்தேன். சோதிக்கிறவர்கள் காத்துக்கிடக்கக் கூடாது, பொத்தானை அழுத்தியவுடன் கத்த வேண்டும் என்பதற்காக. ஆகவே சேரின் முறைப்படி பெட்டரியைக் கழற்றி, துடைத்து, போட்டு நாங்கள் சோதித்த எல்லாப் பேஜரும் முழு விழிப்பில் இருந்த பேஜர்தான். பஸ்ஸில் கொண்டுபோய்ப் பார்த்ததெல்லாம் தூக்கத்தை நீட்டுவதற்கு முன். நீட்டிய பிறகு, தூங்குகிற பேஜரை ஒருவரும் ஒரு நாளும் சோதிக்கவில்லை. ஆறு பேர் இருந்தோம், ஒரு மண்டைக்கும் அது உறைக்கவில்லை.

நர்சிங் ஹோம் ஒன்று எங்களிடம் பன்னிரண்டு பேஜர் வாங்கியிருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். மலைச் சரிவில் கட்டிய இடம். கீழே வார்டுகள், எழுபது எண்பது படி ஏறினால் மேலே டொக்டர்மார் தங்கும் கட்டடம். மழை பெய்தால் மேல் கட்டடத்து டெலிபோன் செத்துவிடும். அதற்காகவேதான் பேஜர் வாங்கினார்கள். டெலிபோன் ஒபரேட்டராக பிலோமினா என்ற பிள்ளை இருந்தாள். கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். வேதக்காரப் பிள்ளை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். பொத்தான் பெட்டியை அவள் மேசையில் பூட்டி, எப்படிப் பாவிப்பது என்று காட்டிக் கொடுத்தவன் நான்தான். "சேர், அழுத்தினது அங்க போய்ச் சேர்ந்துச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அன்றே கேட்டாள். "சிவப்பு லைட் பத்தினா போயிருச்சுன்னு அர்த்தம்" என்றேன். லைட் பற்றினால் அலைபரப்பி அனுப்பிவிட்டது என்று அர்த்தம். போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. நான் அவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை.

ஆனி மாதம், நாலு நாளாக விடாத மழை. பின்னேரம் இரண்டு மணியளவில் அக்குறணையில் கடை வைத்திருக்கும் ஒருவருடைய மனைவிக்குப் பிரசவம். முதல் பிள்ளை. வயிற்றுக்குள் பிள்ளையின் இதயத் துடிப்பு குறைய, டொக்டரைக் கூப்பிடு என்று நர்ஸ் ஓடிவந்து பிலோமினாவிடம் சொன்னாள். டொக்டர் மேலே ஓய்வாக இருந்தார். டெலிபோன் வேலை செய்யவில்லை. பிலோமினா பொத்தானை அழுத்தினாள். லைட் பற்றியது. டொக்டர் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் லைட் பற்றியது. மூன்றாம் தடவை அழுத்திவிட்டு, பக்கத்தில் அனுப்ப ஆள் யாரும் இல்லாததால் தானே எழும்பி, குடையும் எடுக்காமல், அந்தப் படியெல்லாம் ஏறி ஓடினாள். டொக்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உடனே ஓடி வந்தார். தாய் பிழைத்தாள். ஆண் பிள்ளை, பிழைக்கவில்லை.

டொக்டர் பொய் சொல்லும் மனிதரல்ல. பேஜர் பையிலேயே இருந்தது, நான் விழித்துத்தான் இருந்தேன், ஒரு தடவைகூடக் கத்தவில்லை என்றார். பிலோமினா மூன்று தடவை அழுத்தினேன் என்றாள். ஒரு தடவை என்றிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. மூன்று தடவை அழுத்தி மூன்றும் தவறுமா என்றார்கள். அந்த நேரம் அவள் கதிரை காலியாக இருந்ததைப் பார்த்தோம் என்று இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். உண்மைதான், கதிரை காலியாகத்தான் இருந்தது. அவள் மழையில் படியேறிக்கொண்டிருந்தாள். கதிரையில் இல்லாத ஒபரேட்டர் எப்படி அழுத்தியிருப்பாள் என்று கதை திரும்பிவிட்டது.

மறுநாள் காலை நர்சிங் ஹோம் நிர்வாகி அந்தப் பேஜரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கூடவே மேட்ரனும் வந்திருந்தார். நவரத்தினம் சேர் அவர்களுக்கு முன்னால் தன் முறைப்படி பெட்டரியைக் கழற்றினார். தேய்த்தார், ஊதினார், போட்டார். 'பீப்.' "சரி, உயிர் இருக்கு." பிறகு என்னைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். பத்துத் தடவை அழுத்தினேன், பத்துத் தடவையும் கத்தியது. மேட்ரன் நிர்வாகியைப் பார்த்துத் தலையாட்டினார். எழுத்தில் ஒரு ரிப்போட் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பேஜர் எங்களிடமே இருந்தது.

பின்னேரம் நான் அதை யன்னலோரம் வைத்துவிட்டு வேறு வேலையில் இருந்தேன். மழைச் சாரல் யன்னலுக்குள் வந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு எண்ணத்தில், பெட்டரியைத் தொடாமல், போகிற போக்கில் பொத்தானை அழுத்தினேன். பேஜர் பேசாமல் கிடந்தது. இருபது தடவை அழுத்தினேன். பதினொரு தடவை கத்தவில்லை.

பலகையைத் திறந்து பார்த்தேன். ஈயம் பற்றவைக்கும்போது விட்ட பசை, கழுவப்படாமல் மஞ்சளாகப் படிந்திருந்தது. கழுவும் ஸ்பிரிட் கிடைக்காத மாதங்களில் செய்த பலகை அது. துணியால் துடைத்துவிட்டு மூடியிருக்கிறோம். ஈரக் காற்றில் அந்தப் பசை தண்ணீரை உறிஞ்சி, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விட்டிருக்கிறது. ஒன்றே முக்கால் விநாடித் தூக்கம் நாலு விநாடி, நாலரை விநாடி என்று இழுபட்டிருக்கிறது. பழைய ரெசிஸ்டர் இருந்திருந்தால் இவ்வளவு மோசமாகியிராது. காய்ந்த மேசையில் வைத்து, மழை பெய்யாத நாளில் அளந்து, கால் விநாடி போதும் என்று முடிவு செய்தவன் நான். கண்டியில் பிறந்து வளர்ந்தவனுக்கு மழையைப் பற்றி யோசனை வரவில்லை.

கணக்கைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய் சேரின் மேசையில் வைத்தேன். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"உந்தக் கணக்கை ஆரிட்டையும் காட்டினீரோ?"

"இல்ல சேர்."

"காட்டாதையும்."

"சேர், அந்தப் பிள்ளைக்கு வேலை போயிரும். அழுத்தவே இல்லைன்னு சொல்றாங்க."

அவர் எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தம்பி, கொஞ்சம் யோசியும். ஒரு குழந்தை செத்துப்போச்சு. எங்கடை சாமானாலை எண்டு எழுதிக் குடுத்தால் பொலிசுக்குப் போகும். ஆர் செய்தது எண்டு கேப்பாங்கள். நவரத்தினம், ராஜகோபால். ரேடியோ செய்யிற ரெண்டு தமிழர். பிறகு அது குழந்தையின்ரை கதையா இருக்காது. அண்டைக்கு அந்த வாங்கிலை நாலு மணித்தியாலம் இருந்தனாங்கள். இனி இருந்தால் எத்தினை வருசம் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அவளும் தமிழ்ப் பிள்ளை தான் சேர்."

"ஓம். அவளுக்குப் போறது வேலை மட்டுந்தான். வேறை வேலை எடுக்கலாம்."

பிறகு ஒரு தாளை எடுத்தார். பென்சிலால், ஒரு எழுத்தும் சாயாமல், ரிப்போட்டை எழுதினார். கருவி சோதிக்கப்பட்டது, பத்து அழைப்புகளில் பத்தும் கிடைத்தன, கருவியில் குறை எதுவும் காணப்படவில்லை. அதில் ஒரு பொய்யும் இல்லை. சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். "இதைப் பேனாவாலை எழுதிக் கையெழுத்து வையும்" என்று என்னிடம் நீட்டினார்.

பயத்தால் கையெழுத்து வைத்தேன் என்று முப்பது வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். பயம் உண்மைதான். அந்த வருடங்களில் பயமில்லாத தமிழன் யார்? ஆனால் பயம் மட்டுமல்ல. அந்த ரெசிஸ்டரை மாற்றியது என் கை. கருவியில் குறை என்றால் அது என் குறை. ஒரு குழந்தையின் சாவு என் கணக்கில் விழுவதை விட, பிலோமினா என்ற பிள்ளையின் கணக்கில் விழுவது எனக்கு வசதியாக இருந்தது. இதை நவரத்தினம் சேரின் தலையில் கட்ட முடியாது.

அன்று நான் கையெழுத்து வைக்கவில்லை. ஒரு நாள் தள்ளிப்போட்டேன். அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் பென்சில் தாள் மேசையில் இருக்கும்போதே, பிலோமினா படியேறி வந்து வாசலில் நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வரச் சொன்னேன். கதிரையில் உட்காரவில்லை.

"சேர், ஒன்னு கேக்கணும். நான் மூணு தடவ அழுத்தினேன். மூணு தடவையும் லைட் பத்திச்சு. அத ஒங்க மெஷின் எங்கயாச்சும் எழுதி வச்சிருக்குமா? பெட்டியிலயோ, கூரையில இருக்கிறதுலயோ?"

"இல்ல தங்கச்சி. அது எழுதி வைக்காது."

"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சேர். ஒரு சின்ன அடையாளம் இருந்தாலும் போதும்."

"பார்த்துட்டேன். ஒன்னும் இல்ல."

அவள் மேசையைப் பார்த்தாள். அந்தத் தாளின் மேல் என் கை இருந்தது. இருபது தடவைக்குப் பதினொரு தடவை என்று எழுதிய கொப்பி என் மேசை லாச்சியில் இருந்தது. லாச்சியை இழுத்து எடுத்துக் கொடுக்க அரை நிமிடம் போதும். அவள் "சரி சேர், தாங்ஸ்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் காலடிச் சத்தம் படியில் முடிகிற வரை காத்திருந்து, பேனாவை எடுத்தேன்.

அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். வேலை நேரத்தில் இடத்தை விட்டுப் போனது, அழைப்பை அனுப்பாதது, பிறகு பொய் சொன்னது என்று மூன்று குற்றம். அதற்கடுத்த வாரம் நாங்கள் விற்றிருந்த எல்லாப் பேஜரையும் பெட்டரிக் காலைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று சொல்லித் திருப்பி எடுத்தோம். ரெசிஸ்டரை மாற்றினேன், பலகைகளை ஸ்பிரிட்டில் கழுவினேன், வார்னிஷ் பூசினேன். 'எழும்பு' ஒலியை ஆறு விநாடியாக்கினோம். அதற்குப் பிறகு எங்கள் பேஜர் ஒன்றும் மழைக்குத் தவறவில்லை. நர்சிங் ஹோமிலிருந்து பாராட்டிக் கடிதம்கூட வந்தது. முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கந்தோர்ச் சுவரில் மாட்டினார். நான் தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கத்தான் செய்தது.

செல்போன் வந்தது, பேஜர் செத்தது, பட்டறையை மூடினார்கள். நவரத்தினம் சேர் மகளிடம் கனடாவுக்குப் போய் அங்கேயே காலமானார். அந்தக் கதையை நாங்கள் இருவரும் பிறகு ஒரு நாளும் பேசவில்லை. நான் ஆஸ்பத்திரிக் கருவிகளைத் திருத்தும் வேலைக்குப் போய், வயது வந்து ஓய்வு பெற்றேன். யுத்தமும் முடிந்தது. செக்பொயின்ட்டுகளை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகாவது வாயைத் திறந்திருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லாத காலத்திலும் பத்துப் பன்னிரண்டு வருடம் சும்மாதான் இருந்தேன்.

போன தை மாதம் கம்பளையில் ஒரு மரண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, பென்ஷன் பத்திரம் ஒன்றைப் போட்டோகொப்பி எடுக்கக் கெலிஓயாவில் இறங்கினேன். கடையில் மெஷினுக்குப் பக்கத்தில் நரைத்த தலையோடு ஒரு பெண். பத்திரத்தை வாங்கி, பெயரைப் பார்த்து, முகத்தை நிமிர்த்தினாள்.

"நீங்க பேஜர் சேர் தானே?"

ஆமாம் என்றேன். கடையில் வேறு யாரும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ரெசிஸ்டர், பசை, மழை, இருபதுக்குப் பதினொன்று, லாச்சிக்குள் இருந்த கொப்பி, தாளின் மேல் இருந்த என் கை. அவள் பிரதிகளை எடுத்து, ஓரம் தட்டி, ஸ்டேப்ளர் அடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க மூணு தடவையும் அழுத்தினது உண்மை. பிழை எங்க சர்க்கிட்ல தான்" என்று முடித்தேன். அழுவாள், திட்டுவாள், ஒருவேளை கும்பிட்டு நன்றி சொல்வாள் என்றுகூட உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. மனித மனம் அவ்வளவு கேவலமானது.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "நான் அழுத்தினேன்னு எனக்குத் தெரியாதா சேர்? அழுத்தின வெரல் என்னோடது தானே. இத எதுக்கு என்கிட்ட வந்து சொல்றீங்க?"

அவளே தொடர்ந்தாள்.

"அந்தப் புள்ளையோட அம்மா இன்னும் அக்குறணையில தான் இருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கண்டி மார்க்கட்ல கண்டேன். கூட மக இருந்துச்சு, பின்னாடி பொறந்த புள்ள. என்னய கைய நீட்டிக் காட்டி அதுக்குச் சொன்னாங்க. 'ஒன்ட நானாவ மவுத்தாக்கினவ இவ தான்'னு. அண்ணனக் கொன்னவளாம் நான். மார்க்கட்ல அத்தன பேரும் திரும்பிப் பார்த்தாங்க. நான் கருவாட்டுப் பையோட அப்படியே நின்னேன்." அவள் என் பத்திரத்தின் ஒரு பிரதியைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் அக்குறணைக் கடையின் பெயரையும் எந்த பஸ் தரிப்பில் இறங்க வேண்டும் என்பதையும் எழுதினாள். "அவங்களுக்குத் தான் தெரியாது. அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

அடுத்து ஒரு ஆள் போட்டோகொப்பி எடுக்க வந்தார். அவள் அவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை மாத்தளை பஸ்ஸில் ஏறிவிட்டேன். இரண்டு தடவையும் அக்குறணையில், சரியாக அந்தக் கடைக்கு எதிரே பஸ் நின்றது. உள்ளே காசு மேசைக்குப் பக்கத்தில், கதிரையில் முக்காடு போட்ட வயதான ஒரு பெண் உட்கார்ந்து, யாரோ ஒரு பிள்ளைக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை அவர் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தார். கொண்டக்டர் "அக்குறணை இறங்கிறவங்க இருக்கா?" என்று கேட்டான். பஸ் கொஞ்ச நேரம் நின்றது. ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள், இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.